ஒரே அரிசி, மூன்று சட்டி: கொழும்பு வெள்ளவத்தையில் 37 காலைகள்

சிவப்பு இடியப்பம் சாப்பிட்டால் சீனி ஏறாது. எங்கள் வீட்டில் இது வேதவாக்கு. அம்மாவுக்குச் சீனி வருத்தம் வந்து 14 வருசமாகிறது. வந்த அன்றே வெள்ளைப் பச்சை அரிசி வீட்டை விட்டுப் போயிற்று, பாண் போயிற்று, சிவப்பு மா வந்தது. அன்றிலிருந்து காலையில் ஏழு சிவப்பு இடியப்பம், தேங்காய்ப்பால் சொதி, கொஞ்சம் சம்பல்.

இந்த வருடம் கிளினிக்கில் சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு எடுத்த சீனி அளவு 241. "காலையில என்ன சாப்பிட்டீங்கள் அம்மா?" என்று டொக்டர் கேட்டார். அம்மா ஒரு வித உறுதியோடு, "சிவப்புத்தான் டொக்டர்" என்றார். டொக்டர் தலையாட்டிவிட்டு மெட்ஃபோமின் மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினார். வீட்டுக்கு வரும்வரை அம்மா பேசவில்லை. மாடிப்படியில் நின்று, "பதினாலு வருசம் நாக்கைக் கட்டினது எல்லாம் வீணா தம்பி?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இந்தப் பதிவு அதிலிருந்துதான் தொடங்கியது.

எனக்கும் அதில் பங்கு இருந்தது. இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையான எச்பிஏ1சி, எனக்கு 6.0 வீதம். 5.7க்கும் 6.4க்கும் இடைப்பட்டால் நீரிழிவுக்கு முந்திய நிலை. ஆக, அம்மாவின் விரலைக் குத்துவதற்கு முன் என் விரலையே குத்திப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். நான் மாத்திரை எதுவும் எடுப்பதில்லை என்பதால் வருகிற எண் சாப்பாட்டின் எண்ணாகவே இருக்கும். ஒன்பது வாரம், 37 காலை, கெட்டுப்போனவை தவிர, சீனி அளக்கும் மீட்டரில் போடும் 185 ஸ்ட்ரிப்.

அளக்கும் முறை

மாப்பொருளை ஒப்பிடுவதென்றால் எல்லாவற்றிலும் ஒரே அளவு மாப்பொருள் வயிற்றுக்குள் போக வேண்டும். 1981இல் கனடாவின் ரொறன்ரோவில் டேவிட் ஜென்கின்ஸும் அவருடைய குழுவினரும் கிளைசெமிக் சுட்டெண் என்ற அளவை முன்வைத்தார்கள். சமிக்கக்கூடிய 50 கிராம் மாப்பொருள் உள்ள உணவைக் கொடுத்து, இரண்டு மணித்தியாலம் இரத்தத்தில் சீனி ஏறி இறங்குவதை அளந்து, 50 கிராம் குளுக்கோஸ் ஏற்றும் அளவை 100 என்று வைத்து ஒப்பிடுவதே அந்த முறை. 55க்குள் வந்தால் குறைவு, 70ஐத் தொட்டால் அதிகம். வீட்டில் ஒரு ஆளை வைத்து அந்தச் சுட்டெண்ணைக் கணிக்க முடியாது. ஆனால் அந்த 50 கிராம் ஒழுங்கைக் கடன் வாங்கலாம்.

சமைக்காத அரிசி 100 கிராமில் ஏறக்குறைய 78 கிராம் மாப்பொருள். ஆகவே 64 கிராம் அரிசி அல்லது அரிசி மா, 50 கிராம் மாப்பொருளுக்குச் சமம். சமைத்த பிறகு நிறுத்தால் கணக்குப் பிழைக்கும், ஏனென்றால் குழைந்த சோறும் உதிரிச் சோறும் குடிக்கும் தண்ணீர் வேறு வேறு. சமைக்க முன் நிறுத்து, தனிச் சட்டியில் எனக்கு மட்டும் அவித்தேன். "என்ன தம்பி உது, அரிசியைப் பவுன் மாதிரி நிறுக்கிறாய்?" என்று அம்மா பக்கத்தில் நின்றார்.

இரவு எட்டரைக்குப் பிறகு தண்ணீர் மட்டும். காலை ஆறரைக்கு முதல் குத்து. 15 நிமிடத்துக்குள் சாப்பிட்டு முடித்து, சாப்பிடத் தொடங்கியதிலிருந்து 30, 60, 90, 120 நிமிடங்களில் மீண்டும் குத்து. இடையில் கதிரையை விட்டு எழும்புவதில்லை. ஒவ்வொரு உணவையும் குறைந்தது இரண்டு காலை. நான் கீழே எழுதும் ஏற்றம் எல்லாம், வெறுவயிற்று அளவிலிருந்து உச்சம் எவ்வளவு மேலே போனது என்பது. டெசிலீட்டருக்கு மில்லிகிராம், இரண்டு நாள் சராசரி.

முதலில் அளவுகோல். பாமசியில் விற்கும் குளுக்கோஸ் தூள், தண்ணீர் மூலக்கூறு சேர்ந்தது. அதில் 55 கிராம் எடுத்தால்தான் 50 கிராம் குளுக்கோஸ் கிடைக்கும். ஒரு கோப்பைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தேன். 101இலிருந்து ஒரு மணித்தியாலத்தில் 189. ஏற்றம் 88. இதுதான் என் உடம்பின் கூரை என்று கொப்பியில் கோடு போட்டேன். அடுத்தது பாண், 100 கிராம், பட்டர் இல்லாமல்: ஏற்றம் 72.

முதல் வாரத்திலேயே மூன்று பிழை விட்டேன். அம்மாவுக்கு மாம்பழம் வெட்டிக் கொடுத்த கையைத் துடைத்துவிட்டுக் குத்தினேன், மீட்டர் 231 காட்டியது. நெஞ்சு ஒருமுறை அடைத்தது. சவர்க்காரம் போட்டுக் கழுவி மற்ற விரலைக் குத்தினால் 109. விரலில் ஒட்டிய பழச்சாறு இரத்தத் துளியோடு கலந்தால் மீட்டருக்கு வித்தியாசம் தெரியாது. வீட்டில் அளக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன்: பெரிய எண் வந்தால் பயப்பட முன் கையைக் கழுவி மீண்டும் பாருங்கள். இரண்டாவது, ஸ்ட்ரிப் போத்தலை மூடாமல் மரைன் டிரைவ் பக்க யன்னலில் வைத்துவிட்டேன். கடற்காற்றின் ஈரம் பட்டு மிஞ்சியிருந்த அத்தனையும் கண்டபடி எண் காட்டத் தொடங்கின, எறிந்தேன். மூன்றாவது, லிஃப்ட் வேலை செய்யாத ஒரு காலை, சாப்பிட்ட அரை மணித்தியாலத்தில் கீழே போய்ப் பால் பைக்கற் வாங்கி நான்கு மாடி ஏறி வந்தேன். அன்றைய எண் எல்லாம் 20, 25 குறைவு. அந்த நாளைக் கணக்கிலிருந்து வெட்டினேன், ஆனால் அந்த நான்கு மாடியை மறக்கவில்லை. பின்னால் அதற்கு வருகிறேன்.

இன்னொன்று. மீட்டர்களுக்கான சர்வதேச நியமமே 100க்கு மேல் 15 வீதம் வரை கூடிக் குறைய இடம் கொடுக்கிறது. ஒரே துளி இரத்தத்தில் 150, 162 என்று இரண்டு எண் வரலாம். ஒரு நாளைய ஒரு எண்ணை வைத்து ஒரு சாப்பாட்டுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

மூன்று சட்டி

வெள்ளவத்தைச் சந்தைக்குப் பக்கத்துக் கடையில் சிவப்புப் பச்சை அரிசி மூன்று கிலோ வாங்கினேன். ஒரே மூடை. ஒரு கிலோவை அம்மா ஊறவைத்து, வடித்து, மில்லில் அரைப்பித்து, வறுத்து அரித்து எடுத்தார். மிச்சம் அரிசியாகவே இருந்தது. அதே அரிசி சோறாக, அதே அரிசி இடியப்பமாக, அதே அரிசி புட்டாக.

சோறு: ஏற்றம் 56. உச்சம் ஒரு மணித்தியாலத்தில்.

இடியப்பம், உப்பு மட்டும்: ஏற்றம் 77. பாணை விட அதிகம்.

இந்த எண்ணை நான் மூன்று காலை எடுத்தேன், இரண்டு போதும் என்ற விதியை மீறி, நம்ப முடியாமல். மூன்றாம் நாளும் 75. அம்மாவிடம் கொப்பியை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "சிவப்பு மாதானே?" என்றார். உங்கள் கையால் வறுத்த மாதான் அம்மா என்றேன்.

புட்டு, 40 கிராம் தேங்காய்ப்பூவோடு: ஏற்றம் 59. இடியப்பத்துக்கும் புட்டுக்கும் ஒரே மா. வித்தியாசம் தேங்காயால் வந்ததா, உருவத்தால் வந்ததா? அதைப் பிரித்துப் பார்க்க, இடியப்பத்தோடு அதே 40 கிராம் தேங்காய்ப்பூவைச் சேர்த்து இரண்டு காலை சாப்பிட்டேன். 66. அதாவது இறக்கத்தில் பெரும் பங்கு தேங்காயினுடையது. கொழுப்பு இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்தும். மிச்சம் ஏழு, புட்டின் கட்டிகளால் இருக்கலாம், மீட்டரின் ஆட்டமாகவும் இருக்கலாம். அதற்கு மேல் நான் உறுதி சொல்லமாட்டேன்.

சோற்றுக்கும் இடியப்பத்துக்கும் உள்ள 21 அப்படியல்ல. இரண்டு உணவிலும் ஒவ்வொரு காலையும் அதே பக்கம்தான் சாய்ந்தது.

காரணம் விளங்க, அரிசி மணிக்குள் கொஞ்சம் போக வேண்டும். மாப்பொருள் என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோத்த மாலை. அது இரண்டு வடிவில் இருக்கிறது. அமைலோஸ், கிளையில்லாத நீண்ட இழை. ஈர்க்குக் கட்டுப் போல நெருங்கி அடங்கக்கூடியது. அமைலோபெக்டின், தென்னம்பாளை விரிந்தது போல எங்கும் கிளை. இந்த இரண்டும் சேர்ந்து சிறு மணிகளாக, அரிசிக்குள் இறுகி இருக்கின்றன. பச்சையாக இருக்கும்போது, சமிபாட்டுக்காக மாப்பொருளை வெட்டும் நொதியங்கள் உள்ளே போவது கடினம். 60, 70 பாகை வெப்பத்தில் தண்ணீரோடு சேரும்போது அந்தச் சிறுமணிகள் ஊதி, வெடித்து, பசையாகின்றன. உமிழ்நீரிலும் கணையநீரிலும் உள்ள அமைலேஸ் என்ற நொதியம் பிறகு சுலபமாக வெட்டும். கிளை அதிகமான அமைலோபெக்டின் விரைவாக வெட்டுப்படும், அமைலோஸ் மெதுவாக. ஒட்டரிசியில் அமைலோஸ் அநேகமாக இல்லை. அதனால்தான் அது ஒட்டுகிறது, சீனியையும் கெதியாக ஏற்றுகிறது. நம் நாட்டு நெல்லினங்களில் பெரும்பாலானவை அமைலோஸ் கூடியவை, சோறு உதிரியாக வருவது அதனால்.

முழு அரிசியை அவித்தால் வெளிப்புறம் குழைந்தாலும் மணி மணியாகத்தான் வயிற்றுக்குள் போகிறது. மாவாக அரைக்கும்போது மில்லே மணியின் கலச்சுவர்களை உடைத்துவிடுகிறது. பிறகு அதை நூலாகப் பிழிந்து, நூல் முழுவதும் ஆவி படும்படி அவிக்கிறோம். நொதியத்துக்கு இதைவிட வசதியான வடிவம் வேறு என்ன?

இதைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டேன். பள்ளிக்கூடத்தில் ஓ.எல். விஞ்ஞானத்தில் செய்ததுதான். மூன்று கிளாசில் இளஞ்சூட்டுத் தண்ணீர். ஒன்றில் உதிர்த்த இடியப்பம் ஒரு கிராம், ஒன்றில் முழுச் சோற்றுப் பருக்கைகள் ஒரு கிராம், ஒன்றில் வறுக்காத பச்சை மா. ஒவ்வொன்றிலும் ஒரே அளவு உமிழ்நீர். கிளாசுகளைச் சூடு ஆறாமல் ஒரு சட்டி வெந்நீரில் நிறுத்தி, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சிறிது எடுத்து வெள்ளைப் பீங்கான் தட்டில் வைத்து ஒரு துளி அயடீன் விட்டேன். மாப்பொருள் இருந்தால் கருநீலம், வெட்டுப்பட்டுச் சீனியாகிவிட்டால் அயடீனின் மஞ்சள் நிறம் மட்டும். இடியப்பக் கிளாஸ் 14ஆவது நிமிடத்தில் நீலத்தை இழந்தது. சோற்றுப் பருக்கையை அரை மணித்தியாலம் கழித்துக் கத்தியால் பிளந்து அயடீன் விட்டேன்: ஓரம் வெளிறி, நடு இன்னும் கருநீலம். பச்சை மா ஒரு மணித்தியாலமாகியும் நீலமாகவே கிடந்தது.

அந்தப் பிளந்த பருக்கையை அம்மா கனநேரம் பார்த்தார். நான் எழுதிய எண்கள் எல்லாவற்றையும் விட அவருக்கு அதுதான் பதிலாக இருந்தது.

குத்தரிசி

அடுத்த கேள்வி அம்மாவினுடையது. "அப்ப ஊரில சாப்பிட்ட குத்தரிசி?"

குத்தரிசி 64 கிராம், அவித்த சோறு: ஏற்றம் 47. உச்சம் கூர்மையில்லாமல் 60இலிருந்து 90 வரை தட்டையாக நின்றது. வெள்ளை நாட்டுப் புழுங்கல் அரிசியையும் சோதித்தேன்: 54. சிவப்புப் பச்சை அரிசிச் சோற்றின் 56ஓடு ஒப்பிட்டால், மீட்டரின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். வெள்ளைப் புழுங்கலும் சிவப்புப் பச்சையும் ஒரே இடத்தில் வந்து நின்றன என்பதை எங்கள் வீட்டில் இரண்டு நாள் பேசினோம்.

குத்தரிசியும் புழுங்கல்தான். புழுங்கலுக்கு நெல்லை ஊறவைத்து, உமியோடு அவித்து, காயவிட்டுக் குத்துகிறோம். அந்த அவியலில் மணிக்குள்ளேயே மாப்பொருள் ஒருமுறை பசையாகி, காயும்போது மறுபடி இறுகுகிறது. அதனால் சோறு குழையாது, மணி உடையாது, சமிபாடும் பிந்துகிறது. தவிட்டில் உள்ள தயமின் என்ற பி வைற்றமினில் ஒரு பகுதியும் அந்த நேரத்தில் மணிக்குள் போய்விடுகிறது. தவிட்டை முழுக்கத் தீட்டாமல் வைத்திருந்தால் அது இன்னொரு வேலி. கடையில் சிவப்பு அரிசி வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள். வரி வரியாகச் சிவப்பு கிடந்து மற்ற இடம் வெளுத்திருந்தால் தவிட்டில் பாதி ஏற்கனவே மில்லில் போய்விட்டது.

அம்மாவின் சின்ன வயதில் ஊரில் பெரிய கிடாரத்தில் நெல் அவித்து, முற்றத்துப் பாயில் பரப்பி, காகம் விரட்டப் பிள்ளைகளைக் காவல் வைப்பார்களாம். அந்தப் பாயில் காய்ந்த நெல்லுக்குள் என்ன நடந்தது என்று அறுபது வருடத்துக்குப் பிறகு கொழும்பு மாடிவீட்டில் பேசிக்கொண்டிருந்தோம்.

குளிரில் வைத்த சோறு

இதைப்பற்றி இந்த நகரத்திலேயே ஒரு ஆராய்ச்சி நடந்தது. கொழும்பிலுள்ள இரசாயன விஞ்ஞானக் கல்லூரியில் மாணவராக இருந்த சுதைர் ஜேம்ஸும் அவருக்கு வழிகாட்டிய புஷ்பராஜா தவராஜாவும் இலங்கையின் 38 வகை அரிசியை எடுத்துச் சோதித்து, 2015 மார்ச்சில் அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் கூட்டத்தில் முடிவை அறிவித்தார்கள். கொதிக்கும் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய், பிறகு அரைக் கோப்பை அரிசி, 40 நிமிடம் மெல்லிய நெருப்பு, 12 மணித்தியாலம் பிரிட்ஜில். அப்படிச் செய்த சோற்றில், குடலின் நொதியங்களுக்குப் பிடிகொடாத மாப்பொருள், சாதாரணச் சோற்றை விடப் பத்து மடங்கு வரை கூடியதாகக் கண்டார்கள். மீண்டும் சூடாக்கினாலும் அது குறையவில்லை என்றும் சொன்னார்கள். அமைலோஸ் இழைகள் குளிரில் மறுபடி ஒன்றோடொன்று நெருங்கிப் பளிங்குபோல் இறுகுகின்றன; எண்ணெய் அந்த இழைக்குள் புகுந்து அதை இன்னும் இறுக்குகிறது. இப்படித் தப்பிப் பெருங்குடலுக்குப் போகும் மாப்பொருளுக்கு, எதிர்ப்பு மாப்பொருள் என்று பொருள்படும் பெயரை 1982இல் பிரிட்டனில் ஹான்ஸ் இங்லிஸ்ட்டும் கூட இருந்தவர்களும் வைத்தார்கள்.

ஆனால் பத்து மடங்கு என்பது சோற்றில் அளந்த எண். நான் அளப்பது இரத்தத்தில். மிகக் கொஞ்சமாக இருந்த ஒன்று பத்து மடங்கானாலும், சோற்றின் பெரும்பகுதி சமிக்கக்கூடிய மாப்பொருளாகவே இருக்கும். ஆகவே இதை நான்கு காலை அப்படியே செய்தேன், குத்தரிசியில். ஒப்பிடச் சுடச்சுடச் சமைத்த குத்தரிசியையும் இன்னும் இரண்டு காலை. சுடுசோறு நான்கு நாளும் சேர்த்து 46. குளிரில் வைத்துச் சூடாக்கியது 38. நான்கில் மூன்று காலை குறைவு, ஒரு காலை வித்தியாசமே இல்லை. பலன் உண்டு, சிறியது. இதை நம்பி ஒரு கோப்பைக்குப் பதில் இரண்டு கோப்பைச் சோறு போட்டால் கணக்கு தலைகீழாகப் போய்விடும்.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. சமைத்த சோற்றில் பசிலஸ் சீரியஸ் என்ற பக்ரீரியாவின் வித்துகள் பிழைத்திருக்கும். கொழும்பு வெக்கையில் சோற்றை இரவு முழுக்க வெளியே விட்டால் அவை பெருகி நஞ்சு சுரக்கும், சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது. சோற்றைத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜில் வைத்துவிட வேண்டும்.

அம்மா கேட்டார், "அப்ப பழஞ்சோறு?" நீரூற்றி வைத்த சோறு புளிக்கும்போது இலக்ரிக் அமிலம் உண்டாகிறது. புளிப்பும் மாப்பொருளின் வேகத்தைக் குறைக்கக்கூடியது. நான் அதைச் சோதிக்கவில்லை, அம்மம்மாவின் மண்பானையும் இப்போது இல்லை.

குரக்கன், பயறு, மரவள்ளி

குரக்கனைப் பற்றி எழுதினால் கோபிப்பவர்கள் இருப்பார்கள். நானும் குரக்கனை மதிப்பவன். கல்சியம், இரும்பு, நார் எல்லாம் அதில் உண்டு. ஆனால் பைக்கற்றில் வரும் பூப்போன்ற குரக்கன் மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிய கஞ்சி என்னை 71 ஏற்றியது. அரை மணித்தியாலத்திலேயே உச்சம். ஊரிலிருந்து வந்த, திரிகையில் அரைத்த கரடுமுரடான மாவில், தேங்காய்ப்பூ போட்டுச் சுட்ட ரொட்டி 50. தானியம் ஒன்றுதான். கஞ்சியில் மா நன்றாகத் தண்ணீர் குடித்து முழுதாகப் பசையாகிவிட்டது, மெல்லவும் வேண்டியதில்லை. சீனி வருத்தக்காரருக்கு நல்லது என்று யாரும் உங்களுக்குக் காலையில் ஒரு பெரிய கோப்பை குரக்கன் கஞ்சி தந்தால், இரண்டு மணித்தியாலம் விடாமல் ஒரு மணித்தியாலத்திலேயே ஒருமுறை குத்திப் பாருங்கள்.

பயறு என்னை மலைக்க வைத்தது. 50 கிராம் மாப்பொருள் கிடைக்க 110 கிராமளவு காய்ந்த பயறு வேண்டும், அவித்தால் ஒரு பெரிய கிண்ணம், 15 நிமிடத்துக்குள் தின்று முடிக்கவே கஷ்டம். ஏற்றம் 21. கௌபி 24. அவித்தாலும் பயறின் கலச்சுவர் உடைவதில்லை; ஒவ்வொரு கலமும் தன் மாப்பொருளைப் பைக்குள் கட்டி வைத்திருக்கிறது. அதோடு அமைலோஸும் கூட, புரதமும் கூட. முழுப் பயறாக இருக்கும்வரைதான் இது. மாவாக்கினால் அந்தப் பைகள் கிழிந்துவிடும். இந்த ஒன்பது வாரத்தில் என் தட்டை நிரந்தரமாக மாற்றியது இதுதான்.

மரவள்ளி ஒரே ஒரு காலை, 130 கிராம், ஏற்றம் 63. மரவள்ளியோடு இஞ்சி சேரக்கூடாது என்று அன்று அம்மா என் இஞ்சிப் பிளேன்ரீயை எடுத்து ஒளித்துவிட்டார்.

தட்டில் எப்படி வந்தது

இதுவரை எல்லாம் தனி மாப்பொருள். யாரும் அப்படிச் சாப்பிடுவதில்லை. சிவப்புப் பச்சை அரிசிச் சோற்றுக்கே திரும்பினேன், 56 என்ற எண்ணோடு.

முதலில் வல்லாரைச் சம்பலும் மீனும் பருப்பும் தின்று முடித்து, பத்து நிமிடம் கழித்து அதே 64 கிராம் அரிசிச் சோறு: 39. சாப்பிட்ட கையோடு மரைன் டிரைவில் ரயில் பாதையோரம் 20 நிமிடம் நடை, சோறு மட்டும்: 36. லிஃப்ட் இல்லாத அந்தக் காலை சொன்னதைத்தான் இதுவும் சொன்னது. நடக்கும் தசை இரத்தத்திலுள்ள குளுக்கோஸை அந்த இடத்திலேயே எடுத்துக்கொள்கிறது.

பிறகு சோற்றைப் பாதியாக்கினேன். 32 கிராம் அரிசி, கறியில்லை, நடையில்லை: 29. எண்ணெய் விட்டுக் குளிரில் வைத்துச் சூடாக்கி நான் பட்ட பாடெல்லாம் எட்டுப் புள்ளி தந்தது; அரைவாசிச் சோற்றை எடுத்து வைத்தது 27 தந்தது. இந்த எண்ணை நான் விரும்பவில்லை. ஆனால் கொப்பியில் அப்படித்தான் இருக்கிறது.

அம்மாவின் தட்டு

அம்மாவோடு தொடங்க முன் கிளினிக்கில் கேட்டோம். அம்மா எடுப்பது மெட்ஃபோமின் மட்டும், ஆகவே மாப்பொருளைக் குறைத்துப் பார்க்கலாம், மாத்திரையில் கை வைக்கக்கூடாது என்றார்கள். இதை வாசிப்பவர் கிளிக்ளசைட் போன்ற, இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுப்பவரென்றால், மருந்து அப்படியே இருக்கச் சாப்பாட்டைச் சடுதியாகக் குறைப்பது ஆபத்து. சீனி 70க்குக் கீழே விழுந்து மயக்கம் வரலாம். டொக்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள்.

அம்மாவுக்கு 50 கிராம் கணக்கு எதுவும் வைக்கவில்லை. சாப்பிட முன் ஒன்று, இரண்டு மணித்தியாலத்தில் ஒன்று, அவ்வளவுதான். வழமையான ஏழு இடியப்பத்துக்கு இரண்டு மணித்தியால அளவு 228, 236. ஏழை நான்காக்கி, முதலில் ஒரு சிறு கிண்ணம் அவித்த பயறு: 181. இடியப்பத்தை விட்டு, இரவு பிரிட்ஜில் வைத்த குத்தரிசிச் சோறு ஒரு சிறு கோப்பை, பருப்பு, கீரை, மீன்: 163, 158. விறைப்பான எண்கள் இல்லை, ஏறும் இறங்கும். ஆனால் 200ஐத் தாண்டாத மூன்று வாரத்தை அம்மா கனகாலத்துக்குப் பிறகு பார்த்தார்.

இடியப்பத்தை முற்றாக விடச் சொல்லி நான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் நான்கு, பயறோடு. அது அம்மாவே வகுத்த சட்டம். படியில் நின்று கேட்ட கேள்விக்கும் அவரே ஒருநாள் பதில் சொன்னார், சட்டியைக் கழுவிக்கொண்டே: "நிறத்தைப் பாத்தன், உருவத்தைப் பாக்கேல்லை."

போன ஞாயிறு, பிரிட்ஜிலிருந்த குத்தரிசிச் சோற்றை எடுத்து ஆவி காட்டி, முதல்நாள் மீன்குழம்பும் கத்தரிக்காயும் சேர்த்துப் பிசைந்து உருண்டையாக்கினார் அம்மா. எனக்கு இரண்டு, தனக்கு இரண்டு. உள்ளங்கையில் வைத்துத் தந்தார். 14 வருடமாக விரலை நீட்டிவிட்டு முகத்தை யன்னல் பக்கம் திருப்புகிறவர். அன்று இரண்டு மணித்தியாலம் ஆனதும் நான் எழும்ப முன் லான்செட்டைக் கையில் எடுத்திருந்தார். கை கழுவியிருந்தார். தானே குத்தி, துளியை ஸ்ட்ரிப்பின் ஓரத்தில் தொட்டு, ஐந்து செக்கன் பொறுத்து, கொப்பியை இழுத்துத் தன் கையெழுத்தில் எழுதினார்: பழஞ்சோறு, 2 உருண்டை, 149.